எல்லா டப்பாவும் திறந்த பிறகு

வெள்ளிக்கிழமை காலை வேனிலிருந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. கழுகுமலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்த பாக்கியம் டீச்சர் தூக்கத்திலேயே இறந்துவிட்டாராம். முந்தின நாள்தான் எல்.கே.ஜி. வகுப்பை என்னிடம் ஒப்படைத்து, "புள்ளைகள அதட்டிராதீங்க டீச்சர், திங்கக்கிழமை வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல் தவறாதவர் இப்படிச் செய்துவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

அவர் வகுப்பின் சாப்பாட்டு வழக்கம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்தது. மணி அடித்ததும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. முதலில் எல்லா டப்பாவையும் திறக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையிடம் "வேணுமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்பதையும் முகம் சுளிக்காமல் சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆபீசு வேலைக்கு விடியுமுன் ஓடும் தாய்மாரின் பிள்ளைகள் சில நாள் வெறும் டப்பாவோடு வரும். அதையும் திறந்து வைக்க வேண்டும். அன்று டீச்சரும் தன் சோற்றைச் சத்தமில்லாமல் ஆயாவிடம் கொடுத்துவிட்டு, வெறும் டப்பாவைத் திறந்து வைப்பார். எல்லாரும் கேட்டுக் கேட்டுப் போட்டதில் இரண்டு டப்பாவும் நிரம்பும்.

"அ, ஆ எப்பதான் நடத்துவீங்க?" என்று கிண்டல் செய்வேன்.

"சேந்து உக்காந்து திங்கட்டும் டீச்சர். அ, ஆ எங்கன ஓடிரப் போகுது?" என்பார்.

ஒருநாள் பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் டீச்சரிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "எம் மவன் கண்ட டப்பாவுலயும் கை வைக்கானாமே?"

"கேட்டுத்தான் எடுக்கான் அண்ணாச்சி. நேத்து லட்ட எல்லாருக்கும் பிட்டுக் குடுத்தானே, அதச் சொல்லலியா?"

அடுத்த வாரம் பையன் பெரிய டப்பாவோடு வந்தான்.

திங்கட்கிழமை வந்தது. டீச்சர் இனி வரமாட்டார் என்று காலையிலேயே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது, டப்பாக்கள் திறந்தன, யாரும் சாப்பிடவில்லை.

"ஏன், என்னாச்சு?"

ஒரு சிறுமி ஜன்னலைக் காட்டினாள். டீச்சர் கழுவி வைத்துவிட்டுப் போன எவர்சில்வர் டப்பா அங்கே மூடியபடி இருந்தது. "அதத் தொறக்கலியே டீச்சர்."

திறந்து என் முன்னால் வைத்தேன். வெறும் டப்பா. அந்தச் சிறுமி எழுந்து வந்து, "வேணுமா?" என்று கேட்டுத் தன் தயிர்சோற்றில் ஒரு கரண்டி போட்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

டீச்சரின் மகளிடம் கேட்டு அந்த டப்பாவை வாங்கிக்கொண்டேன். எந்தப் பிள்ளையாவது சோறில்லாமல் வரும் நாளில், அதை வெறுமையாகத் திறந்து வைக்கிறேன்.