திரும்பப் பெறப்பட்ட எச்சரிக்கை

பிரதேச செயலகத்து மண்டபத்தில் மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது. அதுவும் அதிகாரிகள் இருந்த பக்கம். சட்டமூல வரைவொன்றைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வந்திருந்தார்கள். பயங்கரவாத ஆபத்து இருப்பதாகத் தகவல் கிடைத்தால் அதை இனி மக்களுக்கு எப்படி அறிவிப்பது என்பதுதான் வரைவின் பொருள். கைபேசிக்கு நேரே செய்தி வருமாம். மூன்று மொழியிலும் வருமாம். இதையெல்லாம் சிங்களத்தில் சொன்னார்கள். மூன்று மொழியைப் பற்றிப் பேசும் வரைவின் தமிழ்ப் பிரதி மட்டும் வந்து சேரவில்லை.

அந்த அலுவலகத்தில்தான் நான் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மூன்றாவது வரிசையில் என் தலையைக் கண்டதும், "சேர், கொஞ்சம் வந்து சொல்லிக் குடுங்களேன்" என்று பிடித்து இழுத்துவிட்டார்கள். பென்ஷன்காரனுக்கு நேரம் நிறைய இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். போய் நின்றேன்.

ஆழ்கடலில் சிக்னல் இல்லையே, அங்கே செய்தி எப்படி வரும் என்று பள்ளிவாசல்துறை மீனவர் ஒருவர் கேட்டார். குறித்துக்கொண்டார்கள். வீட்டில் இருக்கும் ஒரே போனைக் கட்டிய மாப்பிள்ளை கொண்டுபோய்விடுவார், நான் எதைப் பார்ப்பது என்று ஒரு பெண் கேட்டார். அதையும் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் குறித்துக்கொள்ளாத கேள்வியே இல்லை. நான் பக்கத்தைப் புரட்டி அடுத்த பிரிவைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். எச்சரிக்கைக்குக் காரணம் இல்லாமல் போனால், அதை வெளியிட்ட அதே வழியிலேயே, அது போய்ச் சேர்ந்த அத்தனை பேருக்கும் சேரும்படி திரும்பப் பெறவேண்டும் என்று அதில் இருந்தது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். சிங்களம் விளங்கவில்லையாக்கும் என்று ஒரு இளம் அதிகாரி எழும்பி உதவிக்கு வந்தார். எனக்கு அது நன்றாகவே விளங்கியிருந்தது.

தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆபத்து வருகிறது என்ற கடிதம் முன்கூட்டியே கொழும்பில் மேசை மேசையாகச் சுற்றி எங்கேயோ தூங்கியது என்று பிறகு எல்லோரும் கதைத்தார்கள். வெடித்த பிறகோ எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டின. எங்கள் ஊர் நடுங்கிப்போய் இருந்தது. எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லி அதைச் செய்தவர்களை நாங்கள் சபித்தோம். ஆனாலும் மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறக்கப்பட்டு வரிசையில் நின்றவர்கள் நாங்கள்தான்.

எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பாங்குக்கு மட்டும் உள்ளதல்ல. யாரும் இறந்தால் ஜனாஸா அறிவித்தல், திரும்பி வராத வள்ளம், நீர்வெட்டு, டெங்குக்குப் புகை அடிக்கும் நாள் எல்லாம் அதில்தான் வரும். சிங்களத்தில் வரும் அரசாங்கக் கடிதங்களைத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. வெறுமனே வாசிக்க எனக்குத் தெரியாது. புகை அடிக்க வருகிறார்கள் என்றால், "பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்" என்று என் பக்கத்திலிருந்து ஒரு வரி போடுவேன். ஊருக்கு அது பிடிக்கும். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

மூன்றாம் நாள் பொலிஸ் காவலரணிலிருந்து ஒரு தாள் வந்தது. எலுவன்குளத்துக் காட்டோரம் சந்தேகத்துக்கு இடமாக நின்ற ஒரு சிறிய லொறியைத் தேடுகிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று எழுதி, லொறியின் நம்பரும் இருந்தது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு மைக்கைப் பிடித்து வாசித்தேன். முடிவில் வழக்கம்போல என் வரியையும் சேர்த்தேன். "தெரிந்தவர்கள் பயப்படாமல் போய்ச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்பவருக்கு ஒரு தீங்கும் வராது." தாளில் அப்படி எதுவும் இல்லை.

அந்த லொறி எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவருடையது. கருவாடு ஏற்றித் தம்புள்ளைக்குப் போய்வருபவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார். ஊரில் யாரும் இறந்து ஒரு மையத்து விழுந்தால் கதிரைகளை ஏற்றி இறக்குவதும் அதே லொறிதான். என் வாசலைத் தாண்டித் தினமும் போன லொறியின் நம்பர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எலுவன்குளத்தில் கருவாட்டுப் பெட்டி இறக்கிவிட்டு வரும் வழியில் டயர் காற்றுப்போய் அவர் நின்றிருக்கிறார். யாரோ கண்டு சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருந்தபடி தன் லொறி நம்பரை என் குரலில் கேட்டவர், சேர்ட்டை மாட்டிக்கொண்டு தானாகவே லொறியை எடுத்துக்கொண்டு காவலரணுக்குப் போனார். திரும்பி வர அவருக்குப் பதினொரு மாதம் பிடித்தது.

ஆளை விடாமல் விசாரித்துக்கொண்டிருந்தாலும், அவர் போன நான்காம் நாளே இன்னொரு தாள் வந்தது. இரண்டே வரி. குறித்த லொறி பரிசோதிக்கப்பட்டது, குற்றம் எதுவும் காணப்படவில்லை, இனித் தேட வேண்டியதில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு பள்ளி நிர்வாக சபைத் தலைவரிடம் போனேன். அவர் தாளைத் தொடக்கூட இல்லை. "கெடக்கிறது கெடக்கட்டும். இந்த நேரத்தில பள்ளி மைக்கில அந்தக் கதையே வாணாம்" என்றார். நான் வாதாடவில்லை. தாளை மடித்து என் அலுமாரியில் வைத்தேன். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. அதற்குப் புத்தி, நிதானம் என்றெல்லாம் பெயர் வைத்துப் பல வருடம் என்னை நானே ஏமாற்றியிருக்கிறேன்.

அவருடைய மனைவி ஒரு மகஜரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். இவர் நல்லவர், எங்களுக்குத் தெரியும் என்று ஊரார் கையெழுத்துப் போட்டால் சட்டத்தரணிக்கு உதவும் என்றிருக்கிறார்கள். யாரும் போடவில்லை. பள்ளியிலேயே அறிவித்த விஷயத்துக்கு நாங்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார்களாம். என் வீட்டுக்கும் வந்தார். நான் போட்டேன். ஒரே ஒரு கையெழுத்து இருந்த மகஜரை அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அலுமாரியில் இருந்த தாளைப் பற்றியும் சொல்லவில்லை.

வழக்கு ஒன்றும் போடாமல்தான் விட்டார்கள். திரும்பி வந்தவருக்கு ஊரார் ஸலாம் சொன்னார்கள், மாலை நேரத்துக் கதைக்கும் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் யாரும் கருவாடு ஏற்றக் கொடுக்கவில்லை. வழியில் மறித்தால் சரக்கு நாறிப்போகுமே என்றார்கள். மையத்து வீட்டுக் கதிரைகளுக்கும் வேறு லொறி வந்தது. மகளைக் கேட்டு வந்த இரண்டு இடமும் விசாரித்துவிட்டு ஒதுங்கிவிட்டன. மூன்றாவதாக ஒரு இடம் இப்போது பேசிக்கொண்டிருக்கிறது என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

மண்டபத்தில் கூட்டம் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் லொறிக்கு அடியில் கிடந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். எழும்பி வந்து கதிரை போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் தாளைப் பற்றியும் சொன்னேன். அவர் கையில் இருந்த எண்ணெயை ஒரு துணியில் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அந்த அறிவித்தலைத் திரும்பப் பெற்று மைக்கில் சொல்கிறேன், சம்மதமா என்று கேட்டேன். பள்ளியின் புதிய தலைவர் தடுக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி வேண்டாம் என்றார். மறந்தவர்களுக்கு ஏன் ஞாபகப்படுத்த வேண்டும் என்றார். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"செல்லுங்க நானா," என்றார். "புள்ளட கலியாணம் பேசுறவங்கட காதில நல்லதும் ஒருக்கா விழட்டும். என்னப் பத்தி நல்லவன் வல்லவன் எண்டெல்லாம் செல்ல வாணாம். நம்பரச் செல்லி, தேடல்ல எண்டு செல்லுங்க. அது போதும்."

அந்த ஜும்ஆவுக்கு முந்திய இரவுகளில் அந்த அறிவித்தலைப் பல தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் நின்றது மூன்று வரி. இந்த நம்பருள்ள லொறியைப் பற்றி முன்பு இந்தப் பள்ளிவாசலில் அறிவிக்கப்பட்ட எச்சரிக்கை திரும்பப் பெறப்படுகிறது. அந்த லொறி அப்போதே பரிசோதிக்கப்பட்டுக் குற்றமற்றது எனக் காணப்பட்டது. அறிவித்தலைத் தாமதப்படுத்தியதற்கு நானே பொறுப்பு. ஜும்ஆ முடிந்ததும் நிறுத்தி, தெளிவாக, இரண்டு முறை வாசித்தேன். மைக்கை வைத்தபோது பல வருடத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அவர் தூணருகே இருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அன்று கச்சான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர்களும், செருப்புத் தேடி வாசலில் நின்றவர்களும், கடற்கரையில் வலை காயவிட்டவர்களும் அந்தக் காற்றில் கேட்டது எச்சரிக்கை, லொறி, நம்பர் என்ற சொற்களை மட்டும்தான். பள்ளியில் லொறி நம்பர் வாசித்தால் அது என்ன அர்த்தம் என்பதை நான்தானே அவர்களுக்குப் பழக்கியிருந்தேன். அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்துகொண்டிருந்தபோது மருமகன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். அவருடைய லொறியின் படம். 'பள்ளியில் எச்சரிக்கை விட்டார்கள், கவனம், எல்லோருக்கும் அனுப்புங்கள்.' கல்பிட்டியிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் யார் யாரோ அனுப்பியிருந்தார்கள். சிங்களத்திலும் ஒன்று வந்திருந்தது.

ஈரக் கையோடு ஓடினேன். பொலிஸ் ஜீப் ஏற்கனவே அவர் வாசலில் நின்றது. அவர் என்னைக் கேட்கவில்லை, நானாகவே போய் நடந்ததைச் சிங்களத்தில் விளக்கினேன். அதற்கு அவசியமும் இருக்கவில்லை. விடுதலைக் கடிதம், லொறிப் பதிவுப் புத்தகம், அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் கண்ணாடித் தாள் ஒட்டி ஒரு பையில் போட்டுக் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். வந்த இருவரும் மரியாதையாகவே பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒழுங்கை முழுக்க மதிலுக்கு மேலால் தலைகள். எதிர்ப்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்து நின்ற இருவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த அந்த மூன்றாவது இடத்து ஆட்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் இறங்கவே இல்லை, திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

உள்ளே மகள் அழுகிற சத்தம் கேட்டது. அவர் பையை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"போன தடவ பதினொரு மாசம். இந்தத் தடவ பத்து நிமிசம்," என்றார். "சட்டம் திருந்தித்தான் ஈக்கிது நானா. நீங்க ஊட்டுக்குப் போங்க."

நான் போனேன். வரைவைப் பற்றிய கருத்துகளை எழுத்தில் அனுப்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. திரும்பப் பெறும் பிரிவுக்கு எதிரே என்ன எழுதுவது என்று ஒவ்வொரு நாளும் தாளை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசி நாளும் போய்விட்டது, நான் ஒன்றும் எழுதவில்லை.