வானத்தில் விழுந்த கோடுகள்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவனுக்கு இரண்டு முகூர்த்தம்: ஒன்று மண்டபத்தில், இன்னொன்று கஸ்டமர் வீட்டு டிவிக்கு முன்னால். கிடைப்பது மாலையா வசவா என்பது இரண்டாவதில்தான் தெரியும். என்னைப் போல வாங்கிக் கட்டிக்கொண்ட சக எடிட்டர்களே, உங்களுக்குத் தெரியாததா!

ஒரே டிவிடி

2005-ல் பெரம்பலூரில் கடை போட்ட புதிது. மணமக்களுக்குப் பின்னால் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மெல்ல மாறும் அந்தி வானம் வைப்பது என் தனிப்பெருமை. கம்ப்யூட்டரில் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கும். பாடாலூர்க்காரர் ஒருவர் எல்லாம் ஒரே டிவிடியில் வேண்டும் என்றார். நாலு மணி நேரக் கல்யாணத்தை அதில் திணிக்கப் படத்தின் தரத்தைக் குறைத்தேன். வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிட்டது. போட்டுப் பார்த்தவர் கேட்டார்:

“மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னாடி எதுக்குங்க ஜமக்காளத்தைக் கட்டி வெச்சிருக்கீங்க?”

இரண்டு டிவிடி

அடுத்த கல்யாணத்தை இரண்டாகப் பிரித்தேன். இடம் தாராளம்; வானத்தில் ஒரு கோடு இல்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஆனால் மாப்பிள்ளை அழைப்போடு முடிகிற முதல் டிவிடியை மட்டும் பெண் வீட்டார் உறவுக்காரர்களிடம் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். பெண்ணின் சித்தப்பா கடைக்கே வந்துவிட்டார்.

“தாலி கட்டுறதையே காணோமே, கல்யாணம் நின்னு போச்சான்னு ஊரே கேக்குதுங்க!”

வட்டம் வட்டமாக

மறுபடியும் ஒரே டிவிடிக்கே திரும்பினேன். ரெட்டிபாளையத்து அம்மா ஒருவர், இறந்துபோன தன் கணவரின் போட்டோவோடு வந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அவர் மேலிருந்து ஆசீர்வதிக்க வேண்டுமாம். நீல வானத்தில் அவர் முகத்தை வைத்து, சுற்றிலும் மெல்லக் கரையும் ஒளி கொடுத்தேன். டிவிடியில் ஒளி கரையவில்லை. கிணற்றில் கல் விழுந்தது போல முகத்தைச் சுற்றி வளையம் வளையமாக நின்றது. அதைப் பார்க்காமலே கொடுத்தனுப்பிய புத்திசாலி நான்தான். மறுநாள் அந்த அம்மா டிவிடியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“இருக்கிறது அந்த ஒரு போட்டோதான் தம்பி. அதையும் இப்படிப் பண்ணிட்டீங்களே.”

கொஞ்சம் தூவினேன்

அன்றே திருச்சியில் இதே தொழில் செய்யும் நண்பன் ஒருவனுக்குப் போன் போட்டேன். வானத்தின் மேல் நுண்ணிய புள்ளிகளைத் தூவினால் வளையம் உடைந்துவிடும் என்றான். புள்ளிகள் டிவிடியில் நிறைய இடத்தை அடைக்குமாம்; அதற்கு இடம் மிச்சம் பிடிக்க, எனக்குப் பிடித்த பூமழையையும், என் பெயர் சுழன்று சுழன்று வரும் காட்சியையும் வெட்டி எறிந்தேன். வளையம் போனது. ஆனால் பயத்தில் தூவியது அதிகமாகி, அந்தக் கணவரின் முகம், தோள், தலைமுடி எல்லாம் பொடி படிந்துவிட்டது. திருத்த நேரமில்லை, அந்த அம்மா வந்து உட்கார்ந்துவிட்டார். வசவுக்குத் தயாராக நின்றேன். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“இப்பத்தான் தம்பி எங்க வூட்டுக்காரரு மாதிரி இருக்காரு. ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா, இப்படித்தான் சிமென்ட்டுத் தூசியோட வாசல்ல நிப்பாரு.”

ஆக, இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, பயந்துபோய்த் தப்பாகச் செய்ததுதான்.