நானூற்று இருபது அடிச் சிலந்தி

காத்தான் மாமா எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே போர் போட்டபோது தண்ணீர் வந்த ஆழத்தைச் சேர்த்தே சொல்வார். வெண்ணந்தூர் என்றால் எழுநூறு. பரமத்தி வேலூர் என்றால் அறுபது. முப்பது வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் குழாய் மாட்டியவர். பெண் பார்க்கப் போன ஊரைக்கூட அடிக்கணக்கில்தான் நினைவு வைத்திருந்தார். சிறுமியாக இருந்தபோதே இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். தீவுச் சிலந்திகளை ஆய்வு செய்யப் போகிறேன் என்றபோது அம்மா தலையில் கை வைத்தாள். அவள் தம்பியான காத்தான் மாமா மட்டும் எந்தத் தீவு என்று கேட்டார். மறு வருடம் அவர் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள நான்கு எரிமலைத் தீவுகளுக்குப் போர் போடக் கப்பலேறினார். அங்கே கண்ணில் படும் சிலந்தியை ஸ்பிரிட்டில் போட்டு, புட்டியின் மேல் இடத்தை எழுதச் சொன்னேன்.

"புதுசா இருந்தா அந்த எட்டுக்கால் பூச்சிக்கு எம்பேர வெப்பியா சாமி?"

"வெக்கறேங்க மாமா."

பன்னிரண்டு மாத்திரைப் புட்டிகள் வந்து சேர்ந்தன. மேலே 310, 420, 265 என்று எண்கள் மட்டும்.

ஒரு தீவின் பச்சைச் சிலந்தியும் அடுத்த தீவின் பச்சைச் சிலந்தியும் அச்சு அசலாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பச்சைச் சிலந்திக்கும் உடன்பிறப்பு அதே தீவில் இருக்கும் பழுப்புச் சிலந்திதான். இதை நிறுவுவதே என் ஆய்வு. உருவத்தை வைத்துத் தீவைச் சொல்ல முடியாது. போனில் கத்தினேன்.

"ஒரு ஊர் பேர எழுதத் தெரியாதாங்க மாமா? இதுக்குத்தான் நாலெழுத்துப் படிச்சிருக்கணும்."

அவர் இருமி முடித்துச் சொன்னார். "நேர்ல வந்து புட்டியப் பாத்துச் சொல்லிப்போடறேன் சாமி. அடி மறக்காது."

வந்தார், நெஞ்சு நிறையப் பாறைத்தூசியோடு. நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அம்மா சொன்னாள். கருத்தரங்கு முடியட்டும் என்று நான்கு நாள் தள்ளினேன். கருத்தரங்கு ஒரு சாக்கு. அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. இருபது வருடம் கேட்ட பழக்கம்; இடத்தை எழுதச் சொன்னால் அடியைத்தான் எழுதுவார் என்று எனக்கு ஏன் முன்கூட்டியே தோன்றவில்லை?

போனபோது வாயில் குழாய் செருகியிருந்தார்கள். 420ஐ எடுத்துக் காட்டினேன். ஒரு விரலை உயர்த்தினார். முதல் தீவா, பொறு என்றா? மறுநாள் விடியும் முன் இறந்துபோனார். தீவுகளுக்கு அவருடன் வேலைக்குப் போனவர்களுக்கு எந்த ஆழமும் நினைவில்லை. அது மாமாவின் பழக்கம்.

420இல் இருப்பது புதிய இனம்தான் என்கிறார் என் பேராசிரியர். தீவு தெரியாமல் பெயரிட வேண்டாம் என்றும் சொல்கிறார். மாமா எனக்கு ஒரு தீவைத் தர வேண்டியிருக்கிறது. அதுவரை சிலந்திக்கு வைக்க வேண்டிய அவர் பெயர் என்னிடமே கிடக்கிறது.