மார்பேயாவும் ஒரு மஞ்சள் காப்பும்

“மார்பேயா போட்டோ எங்கே சார்?”

மூன்று வாரமாக இதே கேள்விதான். வாசகர்கள் விடுவதாக இல்லை. பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா, ‘தொப்பி போட்டு ஒன்று, போடாமல் ஒன்று அனுப்பவும்’ என்று எழுதியிருக்கிறார்.

தப்பு என் மேல்தான். ஏப்ரலில் இதே பத்தியில் என்னமாய் அலட்டினேன்! ஸ்பெயின் தேசத்து மார்பேயா, கடற்கரை, கோடீஸ்வரர்கள் படகு கட்டி வைக்கிற ஊர், நான் வாங்கப்போகும் லினன் சட்டை... படித்தவர்கள் நான் விமானத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

போகவில்லை. ஆளே போகவில்லை, அப்புறம் போட்டோ எங்கிருந்து வரும்?

நாங்கள் ஸ்பெயினில் போய் இறங்கியிருக்க வேண்டிய அந்த ஜூன் மாதக் காலையில், நான் குளத்தூர் தாலுகாவில் எங்கள் ஊர் அம்மன் கோயில் வாசலில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். வலது கையில் மஞ்சள் காப்பு. அதைக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பக்கத்து ஊர் டீக்கடைக்கே போக முடியாது, ஸ்பெயினுக்கு எங்கே போவது?

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஆரம்பம் சிரிப்பாக இருக்கும். கடைசிவரை அப்படி இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

என் மனைவி கலாவதியைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் ஜியாகரபி டீச்சர். இந்த மே மாதம்தான் ரிட்டயர் ஆனாள். முப்பது வருஷமாக ‘மத்திய தரைக்கடல் காலநிலை’ பாடம் நடத்தியவள். கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை, ஆலிவ், திராட்சை, ஆரஞ்சு... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

போன வருஷம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டிருக்கிறாள்.

“டீச்சர், நீங்க அந்தக் கடலைப் பாத்திருக்கீங்களா?”

“இல்லம்மா.”

“அப்பறம் எப்படி டீச்சர் எல்லாத்தையும் நேர்ல பாத்த மாதிரியே சொல்றீங்க?”

வகுப்பே சிரித்ததாம். கலாவும் சிரித்துவிட்டாளாம். சாயங்காலம் வீட்டில் இதை என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கை கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பி, “போய்ப் பாத்துருவமாங்க?” என்றாள்.

எந்த ஊர் என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள். மேப்பை விரித்து எனக்கும் ஒரு வகுப்பு எடுத்தாள். “இங்க பாருங்க, வடக்க மலை. தெக்க கடல். மலை குளிர்காத்தை மறிச்சிரும். அதான் ஐரோப்பாவுல இருக்கிற பணக்காரன் எல்லாம் இங்கிட்டு வந்து படுத்துக் கெடக்கான்.” காரணம் கேட்டதும் எனக்கும் அந்த ஊர் பிடித்துப்போனது.

டூர் பேக்கேஜ் போகலாமே என்றேன். முறைத்தாள்.

“நாப்பது பேரோட, கொடி பிடிச்சவன் பின்னாடியே ஓடுறதுக்கா அம்புட்டுத் தூரம் போறோம்? போனா ஸ்டைலாப் போகணும். ஒரு எடத்துல உக்காரணும். மத்தியானம் ஒரு மணிக்கு, யாருக்கும் சோறு போடாம, கடலைப் பாத்துக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கணும். அவ்ளோதாங்க எனக்கு.”

ஆறு நாள் பயணம். அதில் ஒரு மத்தியானம். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை எல்லாம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பால்காரருக்கு நன்றியை ஸ்பானிஷில் “கிராசியாஸ்” என்று சொன்னாள். அவர் பால் கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். உடைக்கு ஒரு வாரம் விவாதம். கடைசியில், “சேலைதான். கஞ்சி போட்ட காட்டன். அதுக்கு மேல என்ன ஸ்டைலு?” என்று முடித்துவிட்டாள். சேலைக்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ. எனக்குத்தான் லினன் சட்டை, பேண்ட், தொப்பி. புதுக்கோட்டை கீழ ராஜவீதியில் தொப்பி கேட்டபோது கடைக்காரர், “வயல்ல நிக்கிறதுக்கா சார், இல்ல அம்பயரா நிக்கப் போறீங்களா?” என்றார். கலா கடை வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சென்னைக்குப் போய் இருவரும் கைரேகை கொடுத்தோம். விசா வந்தது. இரண்டு பாஸ்போர்ட்டிலும். அன்றைக்கு அவள் அந்த ஸ்டிக்கரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

அப்போதுதான் எங்கள் ஊர் குறுக்கே வந்தது.

எங்கள் ஊரில் நாலு வருஷமாகத் திருவிழா இல்லை. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு. முதல் பரிவட்டத்தை எந்தத் தெருக்காரர் தலையில் கட்டுவது என்பதுதான் விஷயம். கோயில் வாசலில் முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்துவிட்டது. இனி எங்கே நடக்கப்போகிறது என்ற தைரியத்தில்தான் ஊரை ஒரு வார்த்தை கேட்காமல் டிக்கெட் எடுத்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத தப்பு. கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கூட ‘ஊர்ல எப்பக் காப்புக் கட்டுறாங்க?’ என்று கேட்டுவிட்டுத்தான் பஞ்சாங்கத்தைத் தொடுவார்.

ஜூன் முதல் வாரத்தில் தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம். காலையில் உட்கார்ந்தவர்கள் சாயங்காலம்தான் எழுந்தார்கள். இரண்டு தெருவும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. பரிவட்டம் யாருக்கும் வேண்டாம், முதல் காப்பைப் பொதுவான ஓர் ஆள் கையில் கட்டுவோம். யார் அந்தப் பொதுவான ஆள்? பேப்பரில் எழுதுகிறவர், டவுனில் குடியிருப்பவர், எந்தச் சண்டையிலும் தலையைக் கொடுக்காதவர்... சாட்சாத் நான்தான். நான் எதிலும் தலையிடாததற்குக் காரணம் பயம். ஊர் அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டது.

ஊர் அம்பலகாரர், அதாவது ஊர்த் தலைவர், எனக்கு மாமா முறை. தாம்பூலத் தட்டோடு புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கலா அப்போது வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்து மேப்புகளைப் புது டீச்சரிடம் ஒப்படைக்கப் போயிருந்தாள்.

“மறுத்துப் பேசிறாதீங்க மாப்ள. ரெண்டு தெருவும் ஒங்க பேருக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கு. நீங்க முடியாதுன்னா திரும்ப ஆளுக்கொரு பக்கம் போயிருவாய்ங்க. இந்த வருசமும் ஆத்தாளுக்கு வெளக்கு எரியாது.”

“மாமா... டிக்கெட் எடுத்தாச்சு. நீங்க காப்புக் கட்டுற அன்னைக்கு நாங்க அங்க எறங்கியிருக்கணும்.”

“அந்த ஊரு எங்கிட்டு ஓடிறப் போகுது? அடுத்த வருசம் போங்க.”

சொல்லிவிட்டு மேசையில் இருந்த என் புதுத் தொப்பியைப் பார்த்தார். பிறகு அவராகவே பேசினார்.

“டீச்சரை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. ஆசையா இருக்காகன்னு கேள்விப்பட்டேன். ஒண்ணு செய்ங்க மாப்ள, டீச்சரு போயிட்டு வரட்டும். கட்டு ஒங்களுக்குத்தான். அவுகளுக்கு எல்லைக் கணக்கெல்லாம் ஒண்ணும் இல்லை. ஒங்களுக்கு வெரதச் சோறு எங்க வீட்டுல ஆக்கித் தாரோம். ஒரு கொறையும் வராது.”

நான் கேட்டேன். தலையாட்டினேன். காபி கொடுத்து பஸ் ஸ்டாண்டுவரை போய் வழியனுப்பிவிட்டும் வந்தேன்.

சாயங்காலம் கலா வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா?

“நம்ம ரெண்டு பேரும் ஊர்ல இருக்கணுமாம் கலா.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டு பேருமா?”

“ஆமா.”

“நான் மட்டும் வேணும்னா...”

“ஊர்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க.”

அவ்வளவுதான். எழுந்து போய் அரிசியைக் களைந்தாள். சண்டை போட்டிருந்தால் நான் உண்மையை உளறியிருப்பேன். போடவில்லை. ஊர்க்காரியம் என்றால் என்ன செய்ய முடியும் என்று என்னையே சமாதானப்படுத்தினாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் எனக்கு ஒரு அப்பளம் கூடுதலாக வைத்தாள்.

ஏன் சொன்னேன்? ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தெரியாத தேசம், தனியாகப் பெண்பிள்ளை என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யார் தனியாகப் பெண்பிள்ளை? நாற்பது மாணவிகளை டெல்லிக்குச் சுற்றுலா கூட்டிப்போய், ஒருத்திக்கும் சளிகூடப் பிடிக்காமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவள். உண்மையில் அவளோடு போனால் தொலைந்துபோகக்கூடிய ஆள் நான்தான்.

நிஜக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. மாமா பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த நாற்காலி மனதில் வந்துவிட்டது. கலா அதில் உட்கார்ந்திருக்கிறாள். கடலைப் பார்க்கிறாள். நான் பக்கத்தில் இல்லை. இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை. பொறாமை... வேறென்ன?

நாம் எல்லோரும் இதைத்தானே செய்கிறோம்? மகளை வேலைக்கு அனுப்பப் பிடிக்கவில்லையா, ‘ஊர் என்ன சொல்லும்?’ தங்கச்சி மறுமணம் செய்வது பிடிக்கவில்லையா, ‘ஊர் என்ன சொல்லும்?’ ஊர் பாவம், பாதி நேரம் அதற்கு விஷயமே தெரியாது. எங்கள் ஊர் வாயைத் திறந்து ‘போயிட்டு வரட்டும்’ என்றுதான் சொன்னது. நான்தான் மாற்றிச் சொன்னேன்.

திருவிழா நடந்தது. நன்றாகவே நடந்தது. இரண்டு தெருக்காரர்களும் ஒரே பந்தலில் நின்றார்கள். என் கழுத்தில் மாலை. எட்டு நாளும் ஊரில் எங்கள் பழைய வீட்டில் தங்கினோம். கலாதான் சமையல். எனக்கு விரதச் சோறு தனி, வருகிற போகிற சொந்தக்காரர்களுக்குத் தனி. தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு முப்பது இலை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ரசவாளியோடு நின்றவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “அங்க இப்பக் காலம்பற ஒம்பதரை” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். நான் இலையில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கடைசி நாள் கோயில் வாசலில் பொங்கல். அம்பலகாரரின் சம்சாரம் கலாவின் பக்கத்து அடுப்பில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

“ஏன் டீச்சர், நீங்க அந்த ஊருக்குப் போயிட்டு வந்திருக்கலாம்ல? டீச்சருக்குக் கட்டு இல்லை, தாராளமாப் போகட்டும்னு எங்க வீட்டுல அன்னைக்கே ஒங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டுத்தானே வந்தாக?”

கலாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரமெல்லாம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

பிறகு அந்த அம்மாவிடம் சொன்னாள்.

“எனக்குத்தாங்க மனசு வரல. இவுகளை விட்டுட்டு எப்படிப் போறது?”

அந்த அம்மா கலாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். ‘இப்படில்ல இருக்கணும் பொண்டாட்டின்னா’ என்று பக்கத்து அடுப்புக்காரிகளிடம் எல்லாம் சொன்னார். மாலை போட்ட என்னைக் காப்பாற்றுவதற்காக, நான் சொன்ன பொய்க்கு மேலே கலா தன் பங்குக்கு ஒரு பொய்யை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காப்பை அவிழ்த்தார்கள். புதுக்கோட்டைக்குத் திரும்பினோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம். நான் நாலு தடவை தொண்டையைக் கனைத்தேன். வீட்டுக்கு வந்து, “மன்னிச்சிரு கலா” என்றேன். “சாப்பிட்டுட்டுப் படுங்க” என்றாள். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. காபி வருகிறது, டிபன் வருகிறது, துவைத்த சட்டை வருகிறது. எதிலும் குறை இல்லை, அவள் மட்டும் இந்த வீட்டில் இல்லாத மாதிரி இருக்கிறது. இந்த வயதில் தனியாக இருப்பது எப்படி என்று, பக்கத்து அறையில் அவள் இருக்கும்போதே தெரிந்துகொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த திருச்சி டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“சார், பழைய விசா தேதி முடிஞ்சிருச்சுல்ல, மேடம் புதுசா விசாவுக்கு அப்ளை பண்ணச் சொல்லியிருக்காங்க. ஒரு அப்ளிகேஷன்தான் சார். உங்க பாஸ்போர்ட் வேண்டாமான்னு கேட்டேன்... வேண்டாம்னுட்டாங்க. எதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு...”

“மேடம் சொன்னபடியே செய்யும்மா” என்றேன். அதையாவது சரியாகச் சொன்னேன்.

கலா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன்.

“எப்பப் போற கலா?”

“அக்டோபர்ல. அதுக்கப்பறம் அங்க மழை.”

“எத்தனை நாளு?”

“பத்து.”

முன்பு ஆறு நாள்தான் போட்டிருந்தோம். அதைக் கேட்க வாய் வரவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

“நானும் வரவா?”

பேப்பரை மடித்து வைத்தாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

“நீங்க எதுக்கும் ஊர்ல கேட்டுக்கிட்டுச் சொல்லுங்க.”

கேட்டுவிட்டேன். ஊரில் தாராளமாகப் போகச் சொல்கிறார்கள்... கலாதான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.