தராசு அக்காவின் நாற்பது நிமிடம்

எங்கள் விமான நிலையம் ரொம்பச் சின்னது. ஒரு ஓடுதளம், ஒரு கவுண்டர், பெட்டி தூக்க நானும் இன்னொருவனும். வந்துபோவதும் ஒரே ஒரு குட்டி விமானம். அதில் ஏற வேண்டுமென்றால் பெட்டியோடு ஆளும் எடை மேடையில் ஏற வேண்டும். எடை பார்த்து எழுதுபவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு அக்கா. வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து, "மூச்சு விடுங்க சார், அதுக்கெல்லாம் எடை கிடையாது" என்பார். ஆனால் எழுதுவதில் படு கறார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் கெஞ்சிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு விமானத்தில் நாற்பது நிமிடம். பஸ் மலையைச் சுற்றிப் போவதற்குள் பொழுதே சாய்ந்துவிடும். அங்கேதான் அக்காவின் தங்கை இருந்தாள். தாயில்லாத பெண், அக்காதான் வளர்த்தார். அன்று காலை அவளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. புருஷன் கப்பல் வேலையில். "நீ வராம நான் உள்ள போகமாட்டேன்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் ஒரே அழுகை. ஊழியர் டிக்கெட்டில் அக்கா தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். நாற்காலியில் உட்காருவார், எழுவார், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார்.

அப்போது பைலட் வந்தார். "எதிர்க்காத்து பலமா இருக்கும்மா. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஃப்யூயல் கூட போடணும்."

ஃப்யூயல் கூடினால் ஆள் குறைய வேண்டும். முதலில் இறங்க வேண்டியது ஊழியர் டிக்கெட்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, ஆளுக்கு நாலு கிலோ குறைச்சு எழுதுங்க. யாரு பாக்கப்போறா? கேட்டா அவங்களும் சந்தோஷப்படுவாங்க."

அக்கா பேனாவை எடுத்தார். முதல் பெயருக்கு நேராக அது வெகுநேரம் நின்றது. பிறகு மளமளவென்று கீழே போய்த் தன் பெயரை அடித்தார். "அத்தனை பேரையும் ஏத்திட்டு மலையைத் தாண்டணும்டா" என்றார். பிடிவாதக்காரி! அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

விமானம் கிளம்பியதும் அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு விரட்டினேன். பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. படியில் கால் வைக்கும்போது போன் அடித்தது. தங்கைதான். கத்தல் எனக்கே கேட்டது.

"அக்கா, ஏறிட்டியா? உள்ள கூப்பிடறாங்க!"

"ஏறிட்டேன்டி" என்றார் அக்கா, குரல் பிசிறாமல். "இதோ கிளம்பப்போகுது. நாற்பது நிமிஷம்தான். நீ தைரியமா உள்ள போ. போனை அணைக்கச் சொல்றாங்க, வைக்கறேன்."

அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதே இல்லை.

"நாற்பது நிமிஷம் கழிச்சு தேடுவாளே அக்கா, என்ன சொல்லுவீங்க?"

"அதுக்குள்ள பொறந்துடும்டா. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டட்டும்."

பஸ் நகர்ந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை நிஜமாகவே அணைத்தார்.