வலப்பக்கப் பூ

ஹாலப்பா எதைச் செய்தாலும் சௌடம்மனைக் கேட்டுத்தான் செய்வார். பசு வாங்கலாமா, கிணற்றைத் தூர் வாரலாமா, மைத்துனன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் பூ ஒட்டவேண்டும். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பீடியை விடலாமா என்று ஒரு தடவை கேட்டார். வலது விழுந்தது. "அம்மா ஏதோ அவசரத்துல சொல்லிட்டா" என்று மறுநாளும் போய்க் கேட்டார். மறுநாளும் வலது. அதற்குப் பிறகு பீடி விஷயமாக அவர் அம்மனைத் தொந்தரவு செய்யவில்லை. பீடியையும் விடவில்லை.

சாகரா ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நாற்பது வருஷமாகக் கமுகு ஏறுகிறவர். ஒரு மரத்தின் உச்சியை வளைத்து அடுத்த மரத்தைப் பிடித்துக்கொள்வார், மத்தியானம் வரை தரையில் கால் படாது. ஒருமுறைகூட விழுந்ததில்லை.

அவருடைய அண்ணி யெங்கம்மா நகரத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் புண் கட்டி ஓய்வு பெற்றவள். யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. தசராச் சாப்பாட்டுக்கு வந்தவள் கொழுந்தனின் வலது கால் கட்டைவிரலைப் பார்த்துவிட்டாள். கறுத்திருந்தது.

"எத்தனை நாளா இது?"

"மரத்துல சிராய்ச்சது அண்ணி. ஆறிடும்."

"சிராய்ப்பு இப்படி நாறாது. சர்க்கரை மாத்திரை எங்கே?"

"தீந்துபோச்சு."

"கௌரி பண்டிகைக்கு முன்னாடியே தீந்துபோச்சு, ஒரு மாசத்துக்கு மேலாச்சு" என்றாள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி பங்காரி.

மறுநாள் செவ்வாய்க்கிழமையே யெங்கம்மா அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரத்துக்குள் விரலை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பாதமே போய்விடும் என்றார் டாக்டர். சனிக்கிழமைக்கு நாளும் குறித்துக் கொடுத்தார். ஹாலப்பா பணிவாகத் தலையாட்டிவிட்டு வந்து நேரே கோயிலுக்குப் போனார். இடப்பக்கப் பூ விழுந்தது. வியாழக்கிழமை மறுபடி கேட்டார். மறுபடியும் இடது.

"நான் என்ன பண்றது? எல்லாம் அவ கையில விட்டாச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தார். கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான்.

சனிக்கிழமை காலை யெங்கம்மா, வாடகைக்கு ஓட்டும் ரஃபீக்கின் ஆம்னி வண்டியோடு வாசலில் வந்து இறங்கினாள். கையில் ஆஸ்பத்திரிக்கென்று துணி கட்டின பை. உள்ளே வந்ததும் ஹாலப்பாவின் தட்டிலிருந்து அரிசி ரொட்டியை எடுத்து மூடி வைத்தாள்.

"மூணாந்தரம் கேக்கப் போறே. வெறும் வயித்தோட போ."

"அம்மாவுக்காகவா, டாக்டருக்காகவா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பட்டினி போதும்."

"கேக்கறதுக்கு முன்னாடியே பை கட்டிட்டீங்களே அண்ணி, அவ கோவிச்சுக்க மாட்டாளா?"

"வேண்டாம்னு சொன்னா அவுத்து மடிச்சு வெச்சிடறேன். துணிதானே."

பங்காரியும் கூடவே கிளம்பினாள். கோயிலில் பூசாரி கெரியப்பா ஏற்கெனவே வெட்சிப் பூக்களை ஒட்டி முடித்திருந்தார். யெங்கம்மா கருவறைப் படிவரை போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். எது ஒட்டும், எது உரியும் என்று முப்பது வருஷம் பிளாஸ்திரி போட்டவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இடத் தோளில் பூ ஒரு சொட்டுத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. வலத் தோளில் விரல் கனத்துக்குச் சந்தனம்.

"கெரியப்பா, வலப்பக்கம் என்ன சிமெண்டா பூசியிருக்கே?"

பூசாரி ஹாலப்பாவைப் பார்த்தார். ஹாலப்பா தூணைப் பார்த்தார்.

"இவர்தான் சொன்னார்க்கா. அம்மாவுக்கு வலத் தோள் சூடா இருக்குதாம், நல்லா அப்புன்னார். செவ்வாய்க்கிழமையிலேருந்து."

"அட பாவி மனுஷா!" என்று பங்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மனுக்காகவா, புருஷனுக்காகவா என்று தெரியவில்லை.

யெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ கையில விட்டுட்டேன் விட்டுட்டேன்னு சொன்னியே. அவ கையைக் கட்டிப்போட்டுட்டா விட்டே?"

ஹாலப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கட்டைவிரல் போனா, ஏறுறப்போ மாட்டுற தளைக்கயித்துல கால் நிக்காது அண்ணி. நான் மரம் ஏற முடியாது" என்றார்.

"முடியாது" என்றாள் யெங்கம்மா. பொய் சொல்லித் தேற்றுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. "விரல் போனா கீழே நின்னு குலை பிடிக்கலாம். பாதம் போனா இவதான் உன்னைத் தூக்கிட்டு அலையணும்."

"நானா? எனக்கே இடுப்பு வலி" என்றாள் பங்காரி.

ஹாலப்பா பூசாரியிடம், "சந்தனத்தைத் துடைச்சிடு. ரெண்டு பக்கமும் தண்ணியில வை" என்றார்.

இந்தத் தடவை எல்லாரும் ஒழுங்காகக் கும்பிட்டார்கள். யெங்கம்மாவும் கண்ணை மூடி, மனதார வேண்டிக்கொண்டாள். நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பூ அசையவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. வலதும் இடதும் ஒட்டவைத்த மாதிரியே இருந்தன.

வெளியே ரஃபீக் ஹாரன் அடித்தான். "அக்கா! பதினோரு மணிக்குள்ள போகலேன்னா இன்னைக்குப் பேரை அடிச்சிடுவாங்க. அடுத்தது புதன்கிழமைதான்!"

ஹாலப்பா யெங்கம்மாவைப் பார்த்தார். அவள் கீழே வைத்த பையைக்கூட எடுக்கவில்லை. அம்மனைப் பார்த்தார். இரண்டு பூவும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு பீடி குடிக்கிற நேரம் அப்படியே நின்றவர், தானே குனிந்து பையை எடுத்துக்கொண்டார்.

"கெரியப்பா, விழுந்தா போன் பண்ணு."

வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது போன் அடித்தது.

"ஹாலப்பண்ணா, விழுந்துடுச்சு! எந்தப் பக்கம்னா..."

"சொல்லாதே" என்று சொல்லி ஹாலப்பா போனை அணைத்து அண்ணியின் மடியில் போட்டார்.

பங்காரிக்குப் பொறுக்கவில்லை. "கேட்டிருக்கலாமே! வலதா இருந்தா நிம்மதியாப் போலாமில்ல?"

"இடதுன்னு சொல்லியிருந்தா இறங்கி ஓடியிருப்பேன்டி. எனக்கு என்னைத் தெரியும்" என்றார் ஹாலப்பா. சக்கர நாற்காலியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி உள்ளே போனார்.