விதை பழுக்கும் வரை

நாசிக் அருகே, ஒயினுக்கான திராட்சைத் தோட்டமொன்றில் மகள் வேலைக்குச் சேர்ந்த பிறகு, எங்கள் தில்லி ஆர்.கே.புரம் வீட்டின் பருவங்கள் மாறிப்போயின. அறுவடைக்குப் பிறகே விடுமுறை என்று சொல்லியிருந்தாள். ஆகவே, பார்த்தேயிராத கொடிகளை நாள்தோறும் நலம் விசாரிப்பவளானேன். மலை மந்திர் முருகன் கோயிலில் யாரேனும் அவள் வேலையைப் பற்றிக் கேட்டால், "பழ ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு என் கணவர் வேகமாகப் பிரதட்சிணம் செய்யத் தொடங்கிவிடுவார்.

டிசம்பரில் ஒரு காலை, அலைபேசியில் கொத்து ஒன்றைக் காட்டினாள். பச்சை மணிகளுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருநீலம் ஏறியிருந்தது. குளிருக்கு அவள் போர்த்திக்கொள்ளும் ரஜாயை அன்றே பெட்டியிலிருந்து எடுத்து பால்கனி வெயிலில் உலர்த்தினேன்.

பொங்கலுக்குள் கொத்து முழுவதும் கறுத்துவிட்டது.

"பழுத்தாச்சே, இன்னும் என்னடி?"

"நிறம் ஏமாத்தும்மா. இனிப்பு ஏறணும், புளிப்பு இறங்கணும். அதுக்கப்புறம் விதையும் பழுக்கணும். இப்போ கடிச்சா பச்சையா, கசப்பா இருக்கு. இன்னும் ரெண்டு வாரம்."

"எந்த ரெண்டு வாரம்? போன மாசம் சொன்னியே, அதுவா?"

"ஜல்தி பண்ணினா ஒயின் துவர்க்கும்மா."

"துவர்க்கட்டும். நானா குடிக்கப்போறேன்?"

சிரித்தாள். அதற்குள் யாரோ மராத்தியில் அழைக்க, போய்விட்டாள்.

விதையும் பழுக்கும் என்பது எனக்குப் புதிது. தோல் கறுத்து, சதை இனித்து, பழமென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பின்னும் உள்ளே அது மட்டும் அவசரப்படாமல் இருக்கிறது. சரோஜினி நகர் சந்தையில் விதையுள்ள திராட்சை கேட்டேன். விதை இல்லாததற்குத்தான் எல்லோரும் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள் என்று வண்டிக்காரர் இந்தியில் என்னைக் கேலி செய்தார். வாங்கிவந்து ஒன்றைக் கடித்தேன். நாக்கு வறண்டது. அன்று அவளை அழைக்கவில்லை.

பிப்ரவரிப் பாதியில் அவளே அழைத்தாள்.

"அம்மா, கேளு."

வறுத்த கடலையைக் கடித்தாற்போல் ஏதோ நொறுங்கியது.

"விதை பழுப்பாயிடுச்சு! நாளைக்கு வெட்டறோம்."

"அப்போ வந்துடுவே?"

"இனிமேதாம்மா வேலையே. வெட்டணும், நொதிக்க வைக்கணும்... ஹோலி தாண்டிடும்."

"அச்சா" என்றேன்.

ஹோலிக்கு முன்பே மின்விசிறி ஓடத் தொடங்கியது. அவளுடைய கட்டிலில் நான் மடித்து வைத்திருந்த ரஜாயைப் பார்த்து, "இந்த வெக்கையில இது எதுக்கு? பெட்டில போடேன்" என்றார் கணவர்.

"இருக்கட்டும். அவ வந்தா ஏசி போட்டுக்கலாம்" என்றேன்.